தை மூன்றுக்குப் பரிசு வண்டி: பழைய புல்லட்டும் அம்பாசடரும் தயாராகும் விதம்

செட்டிநாட்டில் பரிசு வண்டிக்குத் தேதி முன்கூட்டியே எழுதியிருக்கிறது. சிராவயல் மஞ்சுவிரட்டு என்றால் தை 3. மாட்டுவண்டிப் பந்தயம், வடமாடு, திருவிழாக் கபடி எல்லாமே அப்படித்தான். நாள் குறித்தபின் நகராது. அண்டா, கட்டில், சைக்கிள் என்று இருந்த பரிசு வரிசையில் பைக்கும் காரும் சேர்ந்து வெகுநாளாகிறது. புது வண்டி என்றால் ஷோரூமில் பணம் கட்டினால் வேலை முடிந்தது. பழைய வண்டியைப் புதுப்பித்துக் கொடுக்க நினைக்கிற விழாக் குழுக்களுக்கும், வெளிநாட்டில் இருந்தபடி ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கும்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒன்று. கண்காட்சி வண்டியை உரிமையாளரே ஓட்டுவார்; அதன் நோய்நொடி அவருக்கு அத்துப்படி. பரிசு வண்டி யார் கைக்குப் போகும் என்று கடைசி நிமிடம்வரை தெரியாது. மாடு பிடித்தவன் இருபது வயதுப் பையனாக இருப்பான். பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்கிற தொடுமுனை) வைத்த வண்டியைத் தொட்டிருக்க மாட்டான். அவன் ஊரில் அதைப் பார்க்கிற மெக்கானிக்கும் இருக்க மாட்டார். மறுநாள் காலை அவன் உதைத்தால் கிளம்பவேண்டும், அமுக்கினால் நிற்கவேண்டும். அதனால் பணம் ஒதுக்குகிற வரிசை: காகிதம், பிரேக், இன்ஜின், வயரிங், கடைசியில் பெயிண்ட். பெயிண்டில் தொடங்கிப் பணம் தீர்ந்தபின் பழைய பிரேக் லைனரையே மாட்டிவிடுகிற குழுக்கள்தான் அதிகம். மேடையில் பளபளக்கும், ஊர் எல்லையில் நிற்கும்.

எந்த வண்டியை எடுப்பது

உதிரிப்பாகம் கிடைக்கிற வண்டியை மட்டும் எடுங்கள். பைக்கில் வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350, யமஹா ஆர்.எக்ஸ். 100, எஸ்டி, பஜாஜ் சேட்டக். காரில் அம்பாசடர், பத்மினி. புல்லட் சாமான் எங்கும் கிடைக்கும். அம்பாசடருக்குக் கொல்கத்தா மல்லிக் பஜாரும், பொதுவான பழைய சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. எம்ப்ளம், ஹெட்லைட் வளையம் போன்றவை சில நேரம் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலேயே கண்ணில் படும், விலைதான் பழம்பொருள் விலையாக இருக்கும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் சென்னையில் செய்த வண்டி, தனிச் சேஸ் இருப்பதால் பிரித்து மாட்டவும் வசதி. ஆனால் கதவு, கண்ணாடி, ரப்பருக்கு அலையவேண்டும். தேதி குறித்த வேலைக்கு அது ஒத்துவராது.

பெரிய வீட்டு வண்டிக் கொட்டகையில் நிற்கிற, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆஸ்டின், மோரிஸ் மேல் ஆசைப்பட வேண்டாம். அந்தக் காலத்து பாடிகள் பலவற்றுக்கு உள்ளே மரச்சட்டம். வெளியே தகடு நன்றாக இருக்கும், உள்ளே கரையான் தின்று பொடியாக்கியிருக்கும். அது தச்சர் வேலை. ஒரு வருடத்தில் முடியாது.

ஆர்.எக்ஸ். 100 விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. எஸ்கார்ட்ஸ் அதை 1985 முதல் 1996 வரைதான் தயாரித்தது. கிராக்கி அதிகம், அதனால் கோளாறும் அதிகம். ஹேண்டில் கழுத்தில் இருக்கும் சேஸ் நம்பரையும் கிராங்க் கேஸில் இருக்கும் இன்ஜின் நம்பரையும் தின்னர் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுத்தின் ஆழம் ஏற்ற இறக்கமாக இருந்தாலோ, நம்பரைச் சுற்றி மட்டும் உலோகம் தேய்ந்திருந்தாலோ, மறுபடி அடித்த நம்பர். விட்டுவிடுங்கள். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பரிசு வாங்கியவனைக் காவல் நிலையத்தில் உட்காரவைக்கிற பரிசு யாருக்கும் வேண்டாம்.

காகிதம்

இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வீடு பல புள்ளிகளுக்கு (தனிக் குடும்பங்களுக்கு) பொது என்பதுபோல, கொட்டகையில் நிற்கிற காரும் பொதுவாகிவிடுகிறது. ஆர்.சி. புக் ஐயாவின் பெயரில் இருக்கும். ஐயா காலமாகி முப்பது வருடம் ஆகியிருக்கும். வாரிசுகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். "எடுத்துக்கங்க, நல்ல காரியந்தானே" என்று வீட்டில் இருப்பவர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி ஸ்பேனரைத் தொடக்கூடாது. தாசில்தார் தருகிற வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், படிவம் 31 ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் வண்டி ஒருவர் பெயருக்கு வரும். வண்டி பளபளவென்று ஆனபிறகு பங்காளிக்குத் திடீரென்று பாசம் வரும். முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

உயிரோடு இருப்பவரிடம் வாங்கினால் படிவம் 29-ம் 30-ம். வெளி மாநில வண்டிக்குப் படிவம் 28, அதாவது என்.ஓ.சி. பழைய ஆர்.சி.யில் பாங்க் கடன் முத்திரை இருந்தால் படிவம் 35. பாங்கே வேறொன்றோடு இணைந்திருந்தாலும் கடிதம் வாங்கித்தான் ஆகவேண்டும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகம் கணினியில் ஏறியிருக்காது. "பேக்லாக் என்ட்ரி" போட்டு ஏற்றாமல் இணையத்தில் எந்த விண்ணப்பமும் நகராது. இதற்கு வாரங்கள் ஆகலாம்; ஆகவே இதுதான் முதல் வேலை.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டு. அதன்பின் படிவம் 25 போட்டு, வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். 2025 ஆகஸ்ட் திருத்தத்தின்படி 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பித்தல் கட்டணம் 2,000 ரூபாய், காருக்கு 10,000. பசுமை வரி தனி. பிரேக் இன்ஸ்பெக்டர் பென்சிலால் எடுக்கிற சேஸ் பிரிண்ட் தெளிவாக விழவேண்டும். பெயிண்டர் நம்பரின் மேல் மூன்று கோட்டு அடித்து மூடிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. நம்பரின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் பிரைமர் அடிக்கவேண்டும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றவேண்டும், இன்ஜினை மாற்றினால் முன் அனுமதி. பழைய நிறத்தையே அடிப்பது சுலபம், பார்க்கவும் அதுதான் அழகு.

50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு நினைவுக்கு வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், நம்பரில் "வி.ஏ." எழுத்து வரும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்டமுடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது என்று எல்லை உண்டு. பரிசு வாங்கியவர் சந்தைக்குப் போகமுடியாத வண்டியைக் கொடுத்து என்ன பயன்? சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள்.

கூப்பன் அடித்து விற்று, குலுக்கலில் கார் என்று அறிவிக்கிற யோசனை எழும். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் இல்லை, 1979-ம் ஆண்டுப் பரிசுத் திட்டத் தடைச் சட்டமும் இருக்கிறது. வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகவேண்டாம். போட்டிப் பரிசுக்கு வருமான வரி உண்டா என்று ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள். 30 சதவீதப் பிடித்தம் பொருந்துகிற பரிசு என்றால், பொருளாகக் கொடுத்தாலும் வரி கட்டியபிறகுதான் சாவியைக் கொடுக்கலாம். ஒன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு 45,000. அதைக் குழு கட்டுமா, வென்றவர் கட்டுவாரா என்பதை நோட்டீஸ் அச்சடிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மாதக் கணக்கு

தையில் கொடுக்கவேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அவசர அவசரமாகப் பெயிண்ட் அடிப்பதுதான் நடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. ஈரக் காற்றில் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்ட் பால்போல் வெளுக்கும். பிரைமருக்கு அடியில் ஈரம் சிக்கினால் சித்திரை வெயிலில் கொப்புளம் கிளம்பும். ஆடியிலும் முடியாது. அம்மி பறக்கிற காற்றில் நம் செம்மண் தூசி முழுக்கக் கிளியர் கோட்டில்தான் உட்காரும். கத்திரி வெயிலில் தின்னர் ஆவியாகிற வேகத்தில் பெயிண்ட் துப்பாக்கியிலிருந்து பொடியாக வந்து விழும்.

மிஞ்சுவது ஆவணியும் புரட்டாசி முன்பாதியும். அதைப் பெயிண்டுக்கென்று ஒதுக்கிவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்: மாசி, பங்குனியில் வண்டியும் காகிதமும். சித்திரையில் பிரித்தல். வைகாசி முதல் ஆடிவரை லேத், இன்ஜின், முலாம், டிங்கரிங். ஆவணியும் புரட்டாசி முன்பாதியும் பெயிண்ட். புரட்டாசி பிற்பாதியும் ஐப்பசியும் மாட்டுதல். கார்த்திகையில் ஆர்.டி.ஓ. மார்கழி முழுக்க ஓட்டம்.

பிரித்தல், துரு, முலாம்

பிரிக்கும் முன் ஐம்பது, அறுபது போட்டோ எடுங்கள். கேபிள் போகிற வழி, வாஷர் இருக்கும் பக்கம், வயர் நிறம் எல்லாம் தெரியவேண்டும். நட்டு போல்ட்டை ஒரே டப்பாவில் கொட்டாமல் பகுதி பகுதியாகப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பழைய அம்பாசடரிலும் புல்லட்டிலும் அங்குல மரை இருக்கும்; மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் இரண்டு சுற்று ஏறிப் பிறகு மரையைத் தின்னும். இடம் இருக்கிறதே என்று பழைய வீட்டு முகப்பில் வைத்துப் பிரிக்கவேண்டாம். ஆத்தங்குடிக் கல் சிமெண்டுக் கல், இன்ஜின் ஆயிலைக் குடித்தால் கறை போகாது.

சின்ன இரும்புச் சாமான்களின் துருவுக்கு மலிவான வழி சலவை சோடா. பிளாஸ்டிக் தொட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைச் சாமானிலும், பாசிட்டிவைப் பழைய இரும்புத் தகட்டிலும் கொடுத்து, இரண்டும் தொடாமல் ஓர் இரவு விடுங்கள். துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவரும், நல்ல இரும்பு கரையாது. பாசிட்டிவில் எவர்சில்வர் தகடு வைக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். அலுமினியத்தை இதில் போடக்கூடாது. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். எடுத்தவுடன் கழுவித் துடைத்து அன்றே பிரைமர் அடிக்காவிட்டால் மாலைக்குள் மறுபடி துரு பூக்கும்.

காரைக்குடியிலேயே அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துருவும் முலாமும் அதன் பாடங்கள். அந்த ஊரில் துருவின் மேலேயே பட்டி பூசி மறைப்பது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

குரோம் முலாமில் கண்ணுக்குத் தெரிகிற குரோம் அரை மைக்ரானுக்கும் குறைவு. இரும்பைக் காப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். அது 20, 25 மைக்ரான் இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் ஊசிமுனைத் துரு கிளம்பும். "செம்பு, நிக்கல், குரோம் மூன்றும் வேண்டும், நிக்கல் கனமாக" என்று சொல்லி, அதற்கான கூலியைக் கொடுத்து வாங்குங்கள். பஃபிங் போடும்போது புல்லட் மட்கார்டின் விளிம்பும் எழுத்துப் பொறிப்பும் தேய்ந்துபோகாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்பிரிங், ஸ்போக், பாரம் தாங்குகிற போல்ட் இவற்றுக்குக் குரோம் போடக்கூடாது. முலாம் தொட்டியில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, வெளியே அழகாக இருக்கும்போதே படக்கென்று முறியும். ஸ்போக் புதிதாகவே வாங்குங்கள்.

பெட்ரோல் டேங்க்கில் பற்றவைக்கும் (வெல்டிங் செய்யும்) முன் கழுவினால் போதாது. தண்ணீரை நிரப்பி, பற்றவைக்கிற இடம் மட்டும் மேலே இருக்கும்படி வைக்கவேண்டும். காலி டேங்க்தான் வெடிகுண்டு.

இன்ஜின்

புல்லட் 350-க்குப் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லிமீட்டர். சிலிண்டரை லேத்துக்குக் கொடுக்கும்போது பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கு ஏற்றபடிதான் போர் செய்யவேண்டும். "0.50 ஓவர்சைஸ்" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் ஒன்று பிடிக்கும் அல்லது ஆடும். ரிங்கைத் தனியாகப் போரில் இறக்கி வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள், 0.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும். பெட்டியில் வந்தபடியே மாட்டினால் சூட்டில் வாய் முட்டி ரிங் உடையும். டாப்பெட்டை (வால்வு இடைவெளியை) குளிர்ந்த இன்ஜினில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் பாருங்கள்; புஷ் ராடு விரலால் சுற்றவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பிரைமரி செயின் கேஸுக்கு 420 மில்லி ஆயில். இன்ஜின் ஆயில் 20டபிள்யூ50, டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள். பல வருடம் நின்ற இன்ஜினில் ஆயில் பம்ப் காய்ந்திருக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்ப்பை நனைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு உதைத்து, ராக்கர் பக்கம் ஆயில் வருகிறதா என்று கண்ணால் பார்த்தபின்தான் பிளக் போடவேண்டும்.

ஆர்.எக்ஸ்., எஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக்கில் சத்தமில்லாமல் கொல்வது கிராங்க் ஆயில் சீல். நின்ற வண்டியில் ரப்பர் கல்லாகியிருக்கும். காற்றை உள்ளே இழுக்கும். கலவை மெலிந்து பிஸ்டன் பிடிக்கும். புது பிஸ்டன் போட்டு, பழைய சீலையே விட்டுவிட்டு, "போர் சரியில்லை" என்று லேத்காரரைத் திட்டுவது வழக்கம். இரண்டு சீலையும் மாற்றுங்கள். இன்டேக், சைலன்சர் வாய் இரண்டையும் அடைத்து, ஆறு பவுண்டு காற்று கொடுத்துச் சில நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் சோப்பு நுரை தடவி ஓட்டையைத் தேடுங்கள். ஆர்.எக்ஸ்.ஸில் இன்ஜினுக்கு ஆயிலைத் தானே கொடுக்கிற ஆட்டோலூப் பம்ப் இருக்கிறதா, முன்னால் வைத்திருந்தவர் கழற்றி வீசிவிட்டாரா என்று பாருங்கள். பரிசு வண்டிக்குப் பம்ப் கட்டாயம் வேண்டும். அதன் குழாயில் காற்று இல்லாமல் எடுத்துவிட்டு, முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஓட்டுங்கள். எஸ்டிக்குப் பம்ப் கிடையாது. ஓட்டம் பழகும்வரை லிட்டருக்கு 40, பிறகு 30 மில்லி என்று டேங்க் மூடிக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். வென்றவர் முதல் முறை பங்க்கில் வெறும் பெட்ரோல் போட்டால் அன்றே இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் முரட்டு இன்ஜின், எளிதில் சாகாது. அதன் எதிரி சூடு. ஊர்வலத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு மணி நேரம் போகும்போதுதான் ரேடியேட்டரின் உண்மை தெரியும். ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களில் ராடு விட்டு அடைப்பு எடுக்கச் சொல்லுங்கள், பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வெல்ச் பிளக்குகளை (தகட்டு மூடிகளை) எல்லாம் மாற்றுங்கள், தண்ணீர்ச் சட்டையில் படிந்த துருச் சேற்றைக் கம்பியால் கிளறிக் கழுவுங்கள். வால்வு இடைவெளி 0.38 மி.மீ. 2000-ல் ஈய பெட்ரோல் நின்றுபோனது. அதற்கு முந்தைய சிலிண்டர் ஹெட் என்றால், பிரித்திருக்கும்போதே கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சீட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், டாப்பெட் இடைவெளி தானே குறைந்துகொண்டே போகும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் குழாயை ஊறவைத்துப் பிசுபிசுப்பாக்கும், கார்க் பேக்கிங்கைக் கெடுக்கும், தண்ணீரை இழுத்து டேங்க் அடியில் சேர்க்கும். பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ஓரிங், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாற்றுங்கள். டேங்க் உள்ளே பூசுகிற சீலர் சிலது இ20-இல் உரிந்து, தாள்போல் மிதந்துவந்து பெட்ரோல் டேப்பை அடைக்கும். ஓட்டையில்லாத டேங்க்குக்குப் பூச்சே வேண்டாம். கலவை சற்று மெலிவதால் கார்புரேட்டரின் மெயின் ஜெட் ஒரு அளவு கூட்டிப் பார்த்து, பிளக்கின் நிறம் வெளுப்பாக இல்லாமல் காபித்தூள் நிறத்தில் வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

பிரேக்கும் வயரிங்கும்

பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். டிரம்மை லேத்தில் ஒரு தடவை இழுத்து வட்டமாக்கி, புது லைனரை அதே வளைவுக்குத் தேய்த்துப் பொருத்தினால்தான் பிடிக்கும். நடுவில் மட்டும் தொடுகிற லைனர், ஸ்டாண்டில் வீலைச் சுற்றிப் பார்க்கும்போது நன்றாகப் பிடிப்பதுபோல் ஏமாற்றும். பழைய அம்பாசடரின் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கும் போச்சு. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் கிட், மூன்று ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதிது. அதில் ஒன்றுகூடப் பழையது வேண்டாம். பிரேக் ஆயில் டப்பாவில் வேறு ஆயில் துளி பட்டாலும் வாஷர்கள் உப்பிவிடும்.

டயர் பட்டன் (தரையில் படுகிற பூ) நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். கொட்டகையில் பத்து வருடம் நின்ற புது டயர் பழைய டயர்தான். புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19.

வயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுசாக மாற்றுங்கள். எலி கடித்த வயர் டேப்புக்குள் ஒளிந்திருக்கும். பழைய ஆங்கிலேயப் பாணிக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். வழக்கப்படி நெகட்டிவை எர்த்தில் கொடுத்தால் டைனமோவும் ஆம்பியர் மீட்டரும் குழம்பும். வென்றவர் பேட்டரி மாற்றும்போது நிச்சயம் தவறு நடக்கும் என்பதால், நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, டைனமோவைப் புதிதாகத் துருவப்படுத்தி, பேட்டரி பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுவதே நல்லது. ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே போட்டால் பழைய சுவிட்ச் உருகாது.

பெயிண்ட்

மெல்லிய தகட்டில் மணல் பிளாஸ்டிங் வேண்டாம், மணல் மோதுகிற வேகத்தில் அலை அலையாக வளையும். பெயிண்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டி, 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டு. பட்டி அதன் மேல்தான். வெறும் தகட்டில் அல்ல. பட்டி இரண்டு, மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் டிங்கர் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அதன்பின் பி.யு. (பாலியூரித்தேன்) சர்ஃபேசர், 320, 400, 600, 800 என்று தாள் மாற்றித் தேய்த்து, பேஸ் கோட், கிளியர். ஒரு பைக்குக்கு எபாக்சி அரை லிட்டர், சர்ஃபேசர் ஒரு லிட்டர், பேஸும் கிளியரும் அரை அரை லிட்டர் போதும். அம்பாசடருக்குப் பேஸ் நான்கு லிட்டரை ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கினால் கதவு ஒரு நிறம், பானட் ஒரு நிறம். காலை ஆறு மணி முதல் ஒன்பதுக்குள், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கியபின் அடியுங்கள். பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பது நுரையீரலைத் தானம் கொடுப்பது. கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். புல்லட் டேங்க்கின் தங்கக் கோடு மட்டும் கையால் போடவேண்டும். ஸ்டிக்கர் ஒட்டினால் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஓட்டிப் பார்த்தல்

500 கிலோமீட்டர் ஓடாத வண்டியை மேடையில் ஏற்றவேண்டாம். முதல் நூறை பத்து, பத்து கிலோமீட்டராக, இடையில் முழுக்க ஆறவிட்டு. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்வந்தால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பிறகு அதைத் தினமும். நூறு முடிந்ததும் ஹெட் நட்டை இறுக்கி, டாப்பெட் பார்த்து, ஆயிலை மாற்றுங்கள். முதல் ஆயிலில் மினுமினுப்பாக உலோகத் தூள் இருக்கும், பயப்படவேண்டாம். சில்லாக வந்தால் பயப்படுங்கள். காருக்கு, மத்தியான வெயிலில் அரை மணி நேரம் ஐடிலில் நிறுத்திவைத்து, அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா என்பதுதான் பரீட்சை. விழா மைதானத்தில் நடக்கப்போவது அதுவேதான்.

கொடுக்கிற நாள்

மைதானத்தில் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டி நிறுத்துங்கள். இல்லையென்றால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்து பெல்ட் பக்கிளால் டேங்க்கைக் கீறிவிடுவார்கள். சந்தனம், குங்குமம் புதுக் கிளியரில் கறை விடும். நம்பர் பிளேட்டில் வைக்கச் சொல்லுங்கள். சூடம் காட்டும்போது பெட்ரோல் டேப் மூடியிருக்கவேண்டும், தட்டு கார்புரேட்டர் பக்கம் போகக்கூடாது.

சாவியை நீட்டிப் போட்டோ எடுத்தபின் வென்றவரை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். முதலில் லைசென்ஸ். இல்லையென்றால் ஓட்டிப் போகவேண்டாம், டாடா ஏஸில் ஏற்றிவிடுங்கள். படிவம் 29, 30-இல் கையெழுத்து, ஆதார் நகல், போட்டோ எல்லாம் அங்கேயே, அன்றே. வென்றவர் புதுக்கோட்டையோ திண்டுக்கல்லோ, மறுநாள் பிடிப்பது கஷ்டம். கைமாறியதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும், இன்ஷூரன்ஸ் மாற்றவும் அதே 14 நாள். பெயர் மாறாத வண்டி யாரையாவது இடித்தால் நஷ்டஈடு வழக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மேல்தான் வரும், அதாவது கொடுத்தவர் மேல்.

பிறகு அரை மணி நேரம் ஓட்டப் பழக்குங்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. மற்ற பைக் பழகியவர் அவசரத்தில் வலது காலை அமுக்கினால் பிரேக் பிடிக்காது, கியர்தான் விழும். இதை வெற்று மைதானத்தில் பத்துமுறை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். உதைக்கிற முறையும் சொல்லித்தாருங்கள்: சாவி போட்டு மெதுவாகக் கிக்கரை இறக்கும்போது ஆம்பியர் முள் இடதுபக்கத்திலிருந்து நடுவுக்கு வரும், அங்கே நிறுத்தி, டிகம்ப்ரசரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற லீவரை) பிடித்து இம்மி நகர்த்தி, விட்டு, கிக்கரை மேலே விட்டு ஒரே உதை. இது தெரியாதவர் முழங்காலில் திருப்பி அடி வாங்குவார். எஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பதைச் சொல்லாவிட்டால் கிக்கரைத் தேடிக்கொண்டு நிற்பார்.

ஒரு பையில் இரண்டு பிளக், ஒரு செட் பாயிண்ட், கண்டன்சர், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஃபியூஸ், ஸ்பேனர் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள். விழாச் செலவுக் கணக்கிலேயே அடுத்த 500 கிலோமீட்டர் சர்வீஸுக்கும் பணம் ஒதுக்கி, அந்த மெக்கானிக்கின் நம்பரை ஆர்.சி. உறையின் மேலேயே எழுதிக்கொடுங்கள். மாசி பிறப்பதற்குள் டாப்பெட் சத்தம் கேட்கிறது என்று போன் வரும், அது சாதாரணம்தான்.